வீட்டுலயே கிளட்ச் மாத்தலாமா, மெக்கானிக்கிட்ட விட்டுடலாமா? பழைய மியாட்டா வாங்கினவங்களுக்கு

கிளட்ச் போயிடுச்சுன்னு சொன்னதும் எல்லாரும் மொதல்ல பாகத்தோட வெலையத்தான் தேடுறாங்க, ஆனா இதுல செலவு பாகத்துல இல்லங்க. எஞ்சின் சுத்துறத கியர் பாக்ஸுக்குக் கடத்துற பிளேட், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், பெடல் மிதிச்சா அந்தப் பிடிய விடுவிக்கிற ரிலீஸ் பேரிங், கியர் பாக்ஸ் தண்டோட முனையத் தாங்குற பைலட் பேரிங் எல்லாம் ஒரே பெட்டியில வர்ற கிட்டு, மாஸ்டா மியாட்டா மாதிரி சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு அமெரிக்காவுல சுமாரா 150ல இருந்து 250 டாலருக்குள்ள முடிஞ்சிடும். மீதி காசு பூரா அந்தப் பிளேட்டைத் தொடுறதுக்காக கியர் பாக்ஸை எறக்கி ஏத்துற கூலி. அதனால நீங்க முடிவு பண்ண வேண்டியது "எனக்கு கிளட்ச் மாட்டத் தெரியுமா"ங்கிறது இல்ல, "35 கிலோ பக்கம் இருக்குற ஒரு கியர் பாக்ஸை, மல்லாக்கப் படுத்துக்கிட்டு, வெரலு நசுங்காம எறக்கி மறுபடி ஏத்த முடியுமா"ங்கிறதுதான். பிளேட்டை மாத்துறது உண்மையில அரை மணி நேர வேலை.

நான் இங்க சொல்லப் போறது மொத ரெண்டு தலைமுறை மியாட்டா பத்தி, அதாவது 1989ல வந்த என்ஏ, அப்புறம் 2005 வரைக்கும் ஓடுன என்பி. புதுசா கார் வேலை பழகுறவங்க கையில அதிகமா இருக்குறது இதான், எஞ்சின் முன்னாடி, கியர் பாக்ஸ் நடுவுல, பின் வீல் ஓடுற வண்டி, அதனால கியர் பாக்ஸ் மட்டும் தனியா கீழ வரும். எல்லா ஸ்போர்ட்ஸ் காரும் இப்படி கிடையாது, அதைப் பின்னாடி சொல்றேன்.

மொதல்ல கிளட்ச்தான் போச்சான்னு பாருங்க

இதைப் பாக்காம கியர் பாக்ஸ எறக்குறவங்க நெறைய பேரு. கிளட்ச் நிஜமா தேஞ்சு வழுக்குதுன்னா கண்டுபிடிக்கிறது சுலபம், ஆள் இல்லாத ரோட்டுல நாலாவது கியர்ல 2500 ஆர்பிஎம் பக்கம் போய்க்கிட்டிருக்கும்போது ஆக்சிலேட்டர முழுசா மிதிங்க, ஊசி மட்டும் சட்டுனு மேல ஏறி வண்டி வேகம் எடுக்கலைன்னா பிளேட்டு வழுக்குது, சந்தேகமே வேணாம்.

ஆனா கியர் விழ மாட்டேங்குது, ரிவர்ஸ் போட்டா கரகரன்னு சத்தம் வருது, பெடல் தரையோட போய் ஒட்டிக்குது, ரெண்டு மூணு தடவ பம்ப் பண்ணினா மட்டும் கியர் விழுதுன்னா அது பெரும்பாலும் பிளேட்டு பிரச்சினையே இல்ல. மியாட்டாவுல கிளட்ச் ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்துல வேலை செய்யுது, பெடல் பக்கம் அழுத்தம் குடுக்குற மாஸ்டர் சிலிண்டர், கியர் பாக்ஸ் பக்கவாட்டுல வெளியவே அதை வாங்கி கிளட்ச விடுவிக்கிற ஸ்லேவ் சிலிண்டர். இந்த ஸ்லேவ் இந்த வண்டியில அடிக்கடி போற ஐட்டம். அதோட ரப்பர் மூடிய லேசா விலக்கிப் பாருங்க, உள்ள ஈரமா ஆயில் நின்னுச்சுன்னா ஆள் அவன்தான். ரெண்டு போல்ட்டு, ஒரு பைப்பு, கொஞ்சம் பிரேக் ஆயில், ஏர் எடுத்தா (பைப்புல சிக்கின காத்த வெளியேத்தினா) முடிஞ்சது வேலை. கியர் பாக்ஸ தொடவே வேணாம்.

சத்தத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. வண்டி நியூட்ரல்ல நிக்கும்போது பெடல் மிதிச்சா சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங் பக்கம் பாக்கணும், பெடல் விட்டா சத்தம் வந்து மிதிச்சா நின்னா அது கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் (எஞ்சின் பக்கம் நீட்டிக்கிட்டிருக்குற தண்டு) பேரிங்கா இருக்க வாய்ப்பு அதிகம், அது புது கிளட்ச் போட்டாலும் போகாது. அந்த ரெண்டாவது சத்தம் வந்தா மெக்கானிக்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு அப்புறம் கிட்டு வாங்குங்க.

எந்த வண்டிக்கு வீட்டுல கை வெக்கக் கூடாது

மியாட்டா, ஹோண்டா எஸ்2000 மாதிரி முன் எஞ்சின் பின் வீல் வண்டிங்க வீட்டுக்கு ஏத்தது. நிசான் 350இசட்டும் அதே அமைப்புதான், ஆனா அதுல கம்பெனி ஃபிளைவீல் (எஞ்சினோட சுத்துற, பிளேட்டு போய் ஒட்டுற கனமான சக்கரம்) ரெண்டு துண்டா ஸ்பிரிங்கோட வர்ற டூயல் மாஸ் வகை, அதை லேத்துல தேச்சு சரி பண்ற பழக்கம் கிடையாது, மாத்துனா பில்லு எகிறும். 370இசட்ல ஸ்லேவ் சிலிண்டரே பெல் ஹவுசிங் (கியர் பாக்ஸ் எஞ்சினோட சேர்ற எடத்துல கிளட்ச மூடியிருக்குற கூடு) உள்ள இருக்கு, அதனால 20 டாலர் ரப்பர் கிழிஞ்சாலும் கியர் பாக்ஸ் எறங்கணும். டொயோட்டா எம்ஆர்2, போர்ஷ் பாக்ஸ்டர் மாதிரி நடு எஞ்சின் வண்டிங்க எடமே இல்லாம இருக்கும், லிஃப்ட் இல்லாம தரையில படுத்து செய்யறது தண்டனை. பெடலே இல்லாத பழைய ஃபெராரி எஃப்1 பாக்ஸ், லம்போர்கினி இ-கியர் இதெல்லாம் மாட்டினதுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் சொருகி கிளட்ச் எங்க பிடிக்குதுன்னு கத்துக்கொடுக்கணும், அதை வீட்டுல யோசிக்கவே வேணாம்.

கணக்கு

நான் இருக்குற மிச்சிகன் பக்கம் தனி கராஜ்கள்ல மணிக்கு 100 டாலருக்கு மேலதான், டீலர்கிட்ட இன்னும் கூட. மியாட்டாவுக்கு அஞ்சாறு மணி நேரம்னு போடுவாங்க. ஆறு மணி, மணிக்கு 130னு வெச்சா 780, அதோட கிட்டு, ஃபிளைவீல் தேய்க்கிற செலவு, ஆயில், வரி எல்லாம் சேத்தா ஆயிரத்தத் தாண்டிடும். வீட்டுல செஞ்சா கிட்டும் சில்லறைச் சாமான்களும் 300, 350க்குள்ள. வித்தியாசம் எழுநூறுன்னு பாக்க ஆசையா இருக்கும், ஆனா உங்ககிட்ட ஜாக்கி, ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச், கியர் பாக்ஸ் ஜாக்கி எதுவுமே இல்லன்னா மொத தடவ பாதிக் காசு அதுலயே போயிடும். சாமான் அப்புறம் உங்களுதுதான், அது வேற விஷயம். ஆட்டோசோன் மாதிரி கடைகள்ல டெபாசிட் கட்டினா சில சாமான் இரவலா தருவாங்க, திருப்பிக் குடுத்தா பணம் திரும்ப வந்துரும், வாங்குறதுக்கு முன்னாடி அங்க கேட்டுருங்க.

காசை விட முக்கியமா மூணு கேள்வி இருக்கு. திங்கக்கிழமை ஆபீஸ் போக வேற வண்டி இருக்கா? சிமெண்ட் தரை போட்ட சமமான எடம் இருக்கா? கியர் பாக்ஸ் ஏத்தும்போது கூட ஒரு ஆள் கெடைப்பாங்களா? இதுல ஒண்ணுக்கு இல்லன்னு பதில் வந்தாலும் கராஜுக்குப் போங்க. அபார்ட்மெண்ட்ல இருக்கவங்க வாடகை ஒப்பந்தத்தையும் ஒரு தடவ படிச்சுப் பாருங்க, பார்க்கிங்ல வண்டி வேலை பாக்கக் கூடாதுன்னு பல எடத்துல போட்டிருப்பான், நாலு ஸ்டாண்டு மேல நிக்கிற வண்டிக்கு நோட்டீஸ் ஒட்டினா பாதியில எங்க கொண்டு போவீங்க. இதுக்கு முன்னாடி வண்டியில பிரேக் பேடாவது நீங்களே மாத்தியிருக்கணும், கிளட்ச் மொத வேலையா இருக்க வேணாம்.

மெக்கானிக்கிட்ட விடுறதா இருந்தா

வெறுமனே "கிளட்ச் மாத்த எவ்ளோ"ன்னு கேக்காதீங்க. ஃபிளைவீல் தேய்க்கிறது இதுல சேர்த்தியா, பைலட் பேரிங் மாத்துவீங்களா, ரியர் மெயின் சீல் (எஞ்சின் பின்பக்கம் ஆயில் கசியாம தடுக்குற ரப்பர் வளையம்) கசிஞ்சா அதோட மாத்த எவ்ளோ கூட, ஸ்லேவ் சிலிண்டர் சேர்த்தியா, எந்த கம்பெனி கிட்டுன்னு வரிசையா கேளுங்க. 200 டாலர் கம்மியா சொல்றவரு ஃபிளைவீலத் தொடாமலே புது பிளேட்ட மாட்டிக் குடுக்குறவரா இருக்கலாம், கொஞ்ச நாள்லயே வண்டி எடுக்கும்போது உதறும். நீங்களே கிட்டு வாங்கிக் குடுத்தா கூலிக்கு வாரண்டி தர மாட்டேன்னு பல பேரு சொல்லுவாங்க, அது நியாயம்தான், பாகம் கெட்டுப்போனா மறுபடி எறக்குற ஆறு மணி நேரத்த யாரு தர்றது. மிச்சிகன்ல எழுத்துல எஸ்டிமேட் குடுக்கணும்னு சட்டம் இருக்கு, கழட்டின பழைய பாகத்தை கேட்டு வாங்கிக்கலாம். கேளுங்க, வெக்கப்பட வேணாம். பழைய பிளேட்டைக் கையில எடுத்து ரிவெட் தலைக்கு மேல மெட்டீரியல் எவ்ளோ இருக்குன்னு பாத்தீங்கன்னா போதும், 0.3 மில்லிமீட்டருக்குக் கீழ போயிருந்தா நிஜமாவே முடிஞ்ச பிளேட்டு.

சரி, நானே பண்றேன்னு சொல்றவங்களுக்கு

கிட்டு வாங்கும்போதே வருஷம் பாருங்க. 1.6 லிட்டர் எஞ்சினுக்கு 200 மில்லிமீட்டர் பிளேட்டு, 1994ல இருந்து அமெரிக்காவுல வந்த 1.8க்கு 215. பழைய 1.6ல யாராவது 1.8 ஃபிளைவீலோட பெரிய கிளட்ச் மாத்தி வெச்சிருக்கவும் வாய்ப்பு உண்டு, பொருந்தும்ங்கிறதால நெறைய பேரு அப்படிப் பண்ணியிருக்காங்க, முன்னாடி வெச்சிருந்தவர்கிட்ட கேளுங்க. ரேஸ் கிளட்ச், ஆறு துண்டு பிளேட்டுன்னு விளம்பரம் பாத்து மயங்காதீங்க, டர்போ போடாத 116 குதிரை சக்தி வண்டிக்கு அது தேவையே இல்ல, சிக்னல்ல ஒவ்வொரு தடவையும் வண்டி குதிக்கும், கால் வலிக்கும். சாதா ஆர்கானிக் பிளேட்டு போதும்.

கூடவே வாங்கி வெச்சுக்க வேண்டியது: ரியர் மெயின் சீல், ஸ்லேவ் சிலிண்டர், கியர் லிவர் அடியில இருக்குற ரப்பர் பூட்டு (அது கண்டிப்பா கிழிஞ்சிருக்கும்), கியர் ஆயில் 75டபிள்யூ-90 ஜிஎல்-4, பிரேக் கிளீனர், துருவுக்கு அடிக்கிற ஆயில். சாக்கெட் செட்டோட நீளமான எக்ஸ்டென்ஷன்கள், எல்லாம் சேந்தா ரெண்டு மூணு அடி வரணும், அதோட முனையில மடங்குற ஜாயிண்டு. இது இல்லாம ஆரம்பிக்காதீங்க, ஏன்னு கீழ தெரியும்.

ஸ்டாண்டு விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். 2020ல ஹார்பர் ஃபிரெய்ட் கடையோட பிட்ஸ்பர்க் 3 டன், 6 டன் ஸ்டாண்டுங்க சிலது தானா எறங்கிடும்னு திரும்ப வாங்கினாங்க, யாராவது பழசு இரவல் குடுத்தா மாடல் நம்பரைப் பாத்துட்டுப் போடுங்க. ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு அடியில தலைய விடக்கூடாது, ஒரு நிமிஷ வேலைக்குக் கூட.

மொத நாள் ராத்திரியே எக்ஸாஸ்ட் நட்டு, பெல் ஹவுசிங் போல்ட்டு எல்லாத்துக்கும் துரு ஆயில் அடிச்சு ஊற விடுங்க. இங்க குளிர்காலத்துல ரோட்டுல உப்பு கொட்டுறதால எக்ஸாஸ்ட் ஸ்டட் ஒண்ணாவது ஒடையும், புது ஸ்டட் நட்டு வாங்கி வெச்சுக்கிட்டா பாதி வேலையில கடைக்கு ஓட வேண்டாம், அதுவும் ஓட்டிட்டுப் போக வண்டி அந்தரத்துல நிக்கும்போது.

காலையில பேட்டரி நெகட்டிவ் கழட்டிட்டு வண்டி தரையில இருக்கும்போதே உள்ள உக்காந்து கன்சோல், கியர் லிவர் ரெண்டையும் எடுத்துருங்க. லிவர் உக்காந்திருக்குற குழிக்குள்ள கொஞ்சம் ஆயில் இருக்கும், அது தனி ஆயில், மாட்டும்போது புதுசு ஊத்தணும், ஓட்டையத் துணி வெச்சு அடைச்சுருங்க. அப்புறம் முன்னாடி கிராஸ்மெம்பர், பின்னாடி டிஃபரென்ஷியல் (பின் வீலுக்கு சக்திய பிரிச்சுக் குடுக்குற பெட்டி)னு ஜாக்கி குடுத்துத் தூக்கி நாலு ஸ்டாண்டு மேல நிறுத்துங்க. கியர் பாக்ஸ் ஜாக்கி மேல உக்காந்து வெளிய வர்ற அளவு உயரம் வேணும், மொதல்லயே நல்லாத் தூக்கிருங்க. தூக்கினதும் வண்டியப் பிடிச்சு ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்க. இப்ப ஆடினாத் தப்பில்ல, அடியில நீங்க இருக்கும்போது ஆடக்கூடாது.

கியர் ஆயில் வடிக்கிறதுக்கு முன்னாடி ஊத்துற பிளக்கைத் திறந்து பாத்துருங்க. வடிச்சிட்டு அப்புறம் மேல் பிளக் அசையலைன்னா ஆயில் இல்லாத பாக்ஸோட வண்டி நிக்கும். அப்புறம் எக்ஸாஸ்ட் நடுப் பைப், அதைக் கியர் பாக்ஸோட பிடிச்சிருக்குற பிராக்கெட். அடுத்து கியர் பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் இணைக்கிற புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல் பக்கம் நாலு போல்ட்டு, கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு ஃபிளான்ஜுக்கும் குறுக்கா ஒரு பெயிண்ட் கோடு, மாட்டும்போது அதே எடத்துல சேரணும். ஸ்லேவ் சிலிண்டர் பைப்பக் கழட்ட வேணாம், ரெண்டு போல்ட்ட எடுத்துட்டு கம்பி போட்டு ஓரமாக் கட்டிருங்க, வீட்டுல யாரும் விளையாட்டுக்குக் கூட கிளட்ச் பெடல மிதிக்க வேணாம்னு சொல்லி வெச்சுருங்க, பிஸ்டன் தெறிச்சு வெளிய வந்துரும். ரிவர்ஸ் லைட் வயர், நியூட்ரல் சுவிட்ச் வயர், ஸ்பீடோ கேபிள், எல்லாத்தையும் கழட்டும்போது ஃபோன்ல ஒரு படம் எடுத்துக்குங்க.

இப்ப வர்றதுதான் மியாட்டாவுக்கே உரிய விஷயம். இந்த வண்டியில கியர் பாக்ஸுக்குன்னு தனி மவுண்ட் கிடையாது. கியர் பாக்ஸ் வாலையும் டிஃபரென்ஷியலையும் சேத்துப் பிடிச்சிருக்குற ஒரு நீள அலுமினியச் சட்டம், பிபிஎஃப்னு சொல்லுவாங்க, அதுதான் பாக்ஸ தூக்கி நிறுத்துது. அதனால பாக்ஸுக்கு அடியில ஜாக்கி குடுத்த அப்புறம்தான் அந்த சட்டத்தோட போல்ட்டுல கை வெக்கணும், இல்லன்னா வால் பொத்துனு கீழ எறங்கும், நீங்களும் அங்கதான் படுத்திருப்பீங்க. கழட்டுறதுக்கு முன்னாடி சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவுல இருக்குற எடைவெளிய அளந்து எழுதி வெச்சுக்குங்க, திரும்ப மாட்டும்போது பாக்ஸ் உயரம் மாறினா ஓட்டும்போது அதிர்வு வரும். டிஃபரென்ஷியல் பக்கம் ஒரு போல்ட்டுல ஸ்லீவ் இறுகிக் கெடக்கும், பொறுமையா நெம்பி எடுக்கணும்.

ஸ்டார்ட்டர் மோட்டார கழட்டிட்டு பெல் ஹவுசிங் போல்ட்டுக்கு வாங்க. கீழ இருக்கிறதெல்லாம் நிமிஷத்துல வந்துரும். மேல இருக்குற ரெண்டும்தான் மனுஷன அழ வெக்கும், கையும் போகாது, கண்ணுக்கும் தெரியாது. ஜாக்கிய மெதுவா எறக்கி பாக்ஸ் வாலத் தாழ்த்துங்க, எஞ்சின் பின்னாடி சாயும், அப்ப மேல ஒரு சந்து தெரியும், அந்தச் சந்துல வால் பக்கத்துல இருந்து நீள எக்ஸ்டென்ஷன பாக்ஸ் முதுகு மேல படுக்க வெச்சு நீட்டி, ஒரு கையால சாக்கெட்ட போல்ட்டுத் தலையில தடவித் தடவி உக்கார வெச்சு, இன்னொரு கையால ராட்செட்ட மூணு அடி தள்ளி திருகணும். என்ஏ வண்டியில எஞ்சின ரொம்ப சாய்ச்சா ஹெட்டு பின்னாடி இருக்குற கேம் சென்சார் ஃபயர்வால்ல (எஞ்சினுக்கும் ஆள் உக்கார்ற எடத்துக்கும் நடுவுல இருக்குற தகடு) இடிக்கும், ஒரு ஆள் மேல நின்னு அதைப் பாத்துக்கிட்டே இருக்கட்டும்.

எல்லா போல்ட்டும் வந்ததும் பாக்ஸ ஜாக்கியோட சேத்து பெல்ட் போட்டுக் கட்டிட்டு நேரா பின்னாடி இழுங்க. இன்புட் ஷாஃப்ட் முழுசா வெளிய வர்ற வரைக்கும் பாக்ஸோட எடை அதுல தொங்கவே கூடாது, பிளேட்டு வளைஞ்சிடும்.

பிரஷர் பிளேட் போல்ட்டுங்களை ஒண்ண முழுசா எடுக்காம, குறுக்க குறுக்க கொஞ்சம் கொஞ்சமா தளத்துங்க. உள்ள இருக்குற தூசிய வாயால ஊதாதீங்க, ஏரும் அடிக்காதீங்க, பழைய பிளேட்டுல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், பிரேக் கிளீனர் அடிச்சு ஈரமாத் துடைங்க. ஃபிளைவீல் மேல நீல நீலமா சூட்டுத் தழும்பு, நகத்துல தட்டுப்படுற கோடு இருந்தா கழட்டி மெஷின் ஷாப்புல குடுத்து தேச்சு வாங்குங்க. மெஷின் ஷாப் சனிக்கிழமை திறந்திருக்கான்னு முன்னாடியே ஃபோன் போட்டுக் கேளுங்க, இதுலதான் பல பேரோட வீக்எண்ட் வேலை அடுத்த வாரத்துக்குப் போகுது. பைலட் பேரிங் மியாட்டாவுல ஃபிளைவீல் நடுவுலதான் இருக்கு, ஃபிளைவீல் வெளிய வந்தா ஒரு சாக்கெட் வெச்சுத் தட்டினா வந்துரும். ரியர் மெயின் சீல் ஓரத்துல ஆயில் ஈரம் இருந்தா இப்பவே மாத்துங்க, கிராங்க் மேல கீறல் விழாம. காஞ்சு கெடந்தா நானா இருந்தா தொட மாட்டேன், கசியாத சீல நோண்டி கசிய வெச்சவங்க உண்டு.

மாட்டும்போது ஃபிளைவீல் போல்ட்டு த்ரெட் லாக் போட்டு குறுக்க குறுக்க 96ல இருந்து 103 நியூட்டன் மீட்டர். பிளேட்டோட ஸ்பிரிங் துருத்திக்கிட்டிருக்குற பக்கம் கியர் பாக்ஸப் பாக்கணும், பிளேட்டுலயே ஃபிளைவீல் பக்கம்னு எழுதியிருப்பான், ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாருங்க, திருப்பி மாட்டினா எல்லாத்தையும் மறுபடி எறக்கணும். கிட்டோட வர்ற பிளாஸ்டிக் அலைன்மெண்ட் குச்சிய சொருகி பிளேட்ட நடுவுல நிறுத்திட்டு பிரஷர் பிளேட் போல்ட்ட 18ல இருந்து 26 நியூட்டன் மீட்டர் வரைக்கும் சுத்தி சுத்தி இறுக்குங்க. இன்புட் ஷாஃப்ட் பல்லுல கிரீஸ் ஒரு படலம் போதும், வழிய வழிய பூசினா சுத்துற வேகத்துல தெறிச்சு பிளேட்டு மேல பட்டு புது கிளட்ச் வழுக்கும். புது ரிலீஸ் பேரிங், ஃபோர்க் உரசுற எடத்துலயும் ஒரு பொட்டு.

பாக்ஸ திரும்ப ஏத்துறதுதான் மொத்த வேலையிலயும் பொறுமைய சோதிக்கிற எடம். எஞ்சின் சாஞ்சிருக்குற அதே கோணத்துக்கு பாக்ஸையும் சாய்க்கணும், கோணம் ஒத்துப்போகலைன்னா எவ்ளோ தள்ளினாலும் ரெண்டு இன்ச் எடைவெளியில நின்னுக்கும். கியர்ல போட்டுட்டு பின்னாடி ஷாஃப்ட் நுழையிற எடத்துல ஒரு ஆள் லேசா திருப்பிக்கிட்டே இருக்கட்டும், நீங்க ஆட்டி ஆட்டித் தள்ளுங்க, பல்லு பல்லோட சேர்ந்ததும் பொத்துனு உள்ள போகும். போகலைன்னா போல்ட்ட மாட்டி இறுக்கி இழுத்துடலாம்னு தோணும், கண்டிப்பாத் தோணும், அப்படி செஞ்சா பெல் ஹவுசிங் காதே ஒடையும். வெளிய வந்து தண்ணி குடிச்சிட்டு கோணத்த மறுபடி பாருங்க.

மத்ததெல்லாம் கழட்டின வரிசைக்குத் தலைகீழ். பிபிஎஃப் அளவ சரி பாத்து இறுக்குங்க, 5 ஸ்பீட் பாக்ஸுக்கு சுமார் 2 லிட்டர் ஆயில், ஊத்துற ஓட்டையில வழியிற வரைக்கும். ஸ்லேவ் மாத்தியிருந்தா ஏர் எடுங்க. வண்டிய எறக்குறதுக்கு முன்னாடியே பெடல் மிதிச்சு எல்லா கியரும் விழுதான்னு பாத்துருங்க, ஸ்டாண்டு மேல இருக்கும்போது கண்டுபிடிச்சா பத்து நிமிஷ வேலை.

மொத 500 கிலோமீட்டருக்கு ஊருக்குள்ளயே ஓட்டுங்க, நின்னு நின்னு எடுக்கிற ஓட்டம்தான் பிளேட்டுக்கு நல்லது, சிக்னல்ல ரேஸ் பண்ணி விடுறது அப்புறம் பாத்துக்கலாம். புதுசுல பெடல் பிடிக்கிற எடம் மாறியிருக்கும், லேசா ஒரு வாசனை வரும், ரெண்டும் சகஜம். மொத வாரம் முடிஞ்சதும் கீழ படுத்து எக்ஸாஸ்ட் நட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்டு, பிபிஎஃப் போல்ட்டு மூணையும் ஒரு தடவ இறுக்கிப் பாருங்க, பெல் ஹவுசிங் அடியில ஆயில் சொட்டு இருக்கான்னும். வடிச்ச பழைய ஆயில பாட்டில்ல ஊத்தி ஆட்டோசோன் மாதிரி கடையில குடுத்தா காசில்லாம வாங்கிக்குவாங்க, ஆனா அதுல பிரேக் கிளீனர் கலந்திருந்தா எடுக்க மாட்டாங்க, தனித்தனியா வெச்சுக்குங்க.